ஐம்பது வயதுக்காரருக்குக் கடையில் என்ன வேலை?

நம் மாவட்டத்துக் கடைவீதிகளில் வேலை கேட்டு வருகிறவர்களின் வயது மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எட்டாவதோ பத்தாவதோ முடித்த பையனைத் தகப்பனார் கையோடு கூட்டி வருவார். "அண்ணாச்சி, இவனக் கொஞ்ச நாள் கடையில நிறுத்திப் பாருங்க" என்பார். இப்போது பையன் வருவதில்லை. தகப்பனாரே வருகிறார், தனக்கு வேலை கேட்டு.

கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்சந்தை என்று எந்தச் சந்தையிலுள்ள வியாபாரியைக் கேட்டாலும் இதையே சொல்வார். வருகிறவர்களில் வளைகுடா நாடுகளில் இருபது வருடம் இருந்து திரும்பியவர் உண்டு. மூடிப்போன ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர் உண்டு. முந்திரி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர், சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதியவர் எல்லாரும் உண்டு. நம்மைப் போலவே சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருந்து ஷட்டரை இழுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் 48, 52, 56 என்று வயது. மகளுக்குக் கல்யாணம் முடியவில்லை, அல்லது மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் பாக்கி. வேலையை விட்டு வீட்டில் உட்காரும் காலம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வேலை கொடுப்பாரும் இல்லை.

இவர்களுக்கு நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் இரண்டுதான். "இந்த வயசுல உங்களுக்கு என்னத்துக்கு சார் இந்தக் கஷ்டம்" என்பது ஒன்று. "சின்னதா ஒரு கடை போட்டுக்கிடுங்க, நான் சரக்குத் தாறேன்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறான பதில்கள் என்பது என் தாழ்மையான கருத்து. முதலாவது அவருக்கு உதவாது. இரண்டாவது அவரைக் கவிழ்த்துவிடும். இவர்களில் தகுதியானவர்களை நாமே நம் கடைகளில் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தருமமாக நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. வியாபாரமாகப் பார்த்தாலே அது நமக்கு லாபம்தான்.

முதலில் அரசாங்கத்தின் பக்கம் பார்ப்போம். தமிழக அரசுப் பணிக்கு நேரடி நியமனத்தில் பொதுப் பிரிவினருக்கான வயது உச்சவரம்பு 2021-ஆம் ஆண்டில்தான் 30-லிருந்து 32 ஆனது. மற்றப் பிரிவினருக்குச் சலுகைகள் உண்டு. அதே ஆண்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டது. உள்ளே இருப்பவர் 60 வரை இருக்கலாம், வெளியே இருப்பவர் 32-க்கு மேல் உள்ளே வர முடியாது என்று அர்த்தம். அரசாங்கத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை.

ஓய்வூதியத் திட்டங்களைப் பாருங்கள். 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர வயது 18 முதல் 40 வரை. 2019-இல் அமைப்புசாராத் தொழிலாளருக்காக வந்த திட்டத்துக்கும் அதுவே வரம்பு. அதே 2019-இல் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கென்று, ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மேற்படாதவர்களுக்கு, 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தது. அதிலும் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். நம் சங்கத்தில் அன்று 40 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிச் சட்டமோ 20 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் கட்டாயமாகிறது. நமக்கு மூன்று பேர், நான்கு பேர். ஆக, 40-க்கு மேல் வேலையும் தொழிலும் போனவருக்குத் தட்ட ஒரு கதவும் இல்லை. அமெரிக்காவில் 1967-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வயதைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்ற அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு தொடங்குவதே 40 வயதில்தான். நம் அரசியல் சட்டம் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை.

இனி, "கடை போட்டுக்கிடுங்க" என்ற பதிலுக்கு வருகிறேன். இது நம் நாட்டில் பெரிய அளவில் ஒரு தடவை சோதித்துப் பார்க்கப்பட்ட யோசனை. அந்தச் சோதனையின் மறுபக்கத்தை நம் மாவட்டத்திலேயே இன்றும் பார்க்கலாம்.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரிக்கும் சிறிமாவோ பண்டாரநாயகாவுக்கும் இடையே ஒப்பந்தம் ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதிப் பேரைப் பின்னர் பேசிக்கொள்வது என்று முடிவு. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பிறந்தது முதல் கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்தவர்கள். நாற்பதிலும் ஐம்பதிலும் புது நாட்டில் புது வேலை தேட வேண்டிய நிலை.

அவர்களில் மிகப் பலருக்கு அரசு கொடுத்த மறுவாழ்வு என்ன தெரியுமா? வியாபாரக் கடன். 5,000 ரூபாய் வரை கொடுத்து, பெட்டிக் கடையோ சிறு வியாபாரமோ செய்து பிழைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். தராசு பிடித்தறியாதவன் கையில் தராசு. எந்த ஊரில் யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று தெரியாது. சரக்கு எங்கே வாங்குவது, எந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்றும் தெரியாது. ஊரில் ஒரு சொந்தக்காரர் இல்லை. கடன் பணம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போயிற்று. பெரும்பாலான கடைகள் நிற்கவில்லை. பலர் மறுபடியும் மலையேறி, நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் கூலி வேலை தேடிப் போனார்கள். கடன் மட்டும் பேரில் நின்றது.

இன்னொரு பகுதியினருக்கு அவர்கள் கைக்குத் தெரிந்த வேலையே கொடுக்கப்பட்டது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கியது அவர்களுக்காகத்தான். நம் மாவட்டத்து மலைகளில் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்தத் தோட்டங்களை நடத்தும் அரசு ரப்பர் கழகம் 1984-இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. கீரிப்பாறை, சிற்றார், கோதையார் பக்கம் சரக்கு அனுப்புகிற வியாபாரிகளுக்கு அந்தக் குடும்பங்களைத் தெரியும். தேயிலைக்கும் ரப்பருக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து மலைச்சரிவில் வரிசை பிடித்து வேலை செய்வதும், மரத்தின் குணம் அறிவதும், மாலையில் எடை போட்டுக் கொடுப்பதும் அவர்கள் கைக்குப் பழக்கமானவை. பால் வெட்டும் கத்தியை ஒரு பருவத்தில் கற்றுக்கொண்டார்கள். கூலித் தகராறும் வீட்டுப் பிரச்சினையும் அங்கே இன்றுவரை இல்லாமல் இல்லை. இருந்தாலும் குடும்பங்கள் நிலைத்தன.

இதே காலத்தில் பர்மாவிலிருந்தும் நம்மவர்கள் வந்தார்கள். 1962-இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நெவின் 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கினார். எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களில் வியாபாரிகள் ஏராளம். 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் பர்மா பஜார் உண்டாயிற்று. சின்னஞ்சிறு கடைகள்தான். அவை நிலைத்தன. ஏன்? அவர்கள் ரங்கூனிலும் கடையில் நின்றவர்கள். ஊர்தான் புதிது, தொழில் புதிது அல்ல.

அதனால்தான் சொல்கிறேன். நடுத்தர வயதைக் கடந்து வேலை தேடுகிறவருக்குப் பணத்தைக் கொடுத்து நமக்குத் தெரிந்த தொழிலைச் செய்யச் சொல்வது சுலபம். அவர் கைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அதற்கேற்ற இடத்தில் வைப்பதுதான் சிரமம், அதுதான் நிலைக்கும்.

நம் கண் முன்னால் நடப்பதைப் பாருங்கள். 1990 ஆகஸ்டில் குவைத்தில் ஈராக் படை புகுந்தபோது ஒரு கூட்டம் திரும்பியது. சவூதியில் உள்நாட்டவருக்கு வேலை என்ற நிதாகத் முறை 2011-இல் வந்து, 2013-இல் கடுமையானபோது ஒரு கூட்டம். 2020 கொரோனாவில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் குளச்சலிலிருந்து களியக்காவிளை வரை புதிது புதிதாகக் கடைகள் முளைக்கும். கண்ணாடிக் கதவு, குளிர்பதனப் பெட்டி, மகள் பேரில் பெயர்ப் பலகை. மொத்த வியாபாரிக்கு முதல் மூன்று மாதம் நல்ல விற்பனை. ஆகவே இந்த யோசனை வேண்டாம் என்று நான் சொல்வது என் வியாபாரத்துக்கு விரோதமாகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உத்தேசக் கணக்குதான், உங்கள் ஊருக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கடை முன்பணம் 1 லட்சம். தட்டு, தராசு, குளிர்பதனப் பெட்டி, பெயர்ப் பலகை 2 லட்சம். சரக்கு 4 லட்சம். வாடிக்கையாளர் பற்றில் நிற்பது 1 லட்சம். ஆக முதல் 8 லட்சம். நாளொன்றுக்கு 7,000 ரூபாய் விற்றால் மாதம் 2,10,000. புதுக்கடைக்கு அது நல்ல விற்பனைதான். சராசரி 10 சதவீதம் நின்றால் 21,000. வாடகை 6,000, கரண்ட் 2,500, வண்டிக் கூலியும் பையும் 1,500, கெட்டது குறைந்தது வராத பாக்கி எல்லாம் சேர்த்து 3,000. மீதி 8,000. அந்த 8 லட்சத்தைச் சும்மா வங்கியில் போட்டிருந்தாலே மாதம் சுமார் 4,500 வட்டி வந்திருக்கும். அதையும் கழித்தால், புருஷனும் பெண்டாட்டியும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை நின்றதற்குக் கூலி 3,500 ரூபாய்.

அதே மனிதர் ஒரு கடையில் 13,000 ரூபாய் சம்பளத்துக்கு நின்று, 8 லட்சத்தை வங்கியில் வைத்திருந்தால் மாதம் 17,500. முதலும் பத்திரம். மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை அவருக்கு யாரும் எழுதிக் காட்டுவதில்லை. நம் பேரேட்டில் வராத பாக்கியாக நிற்கும் பெயர்களில் பாதி இந்தக் கணக்கைப் போடாதவர்களுடையது. பாக்கி வராததை விடுங்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போய், அந்த மனிதர் நம் கடைத் தெருவில் நடக்கவே கூசி அடுத்த தெரு வழியாகப் போகிறாரே, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

சரி, சம்பளத்துக்கு வைத்தால் அவரால் நமக்கு என்ன பிரயோசனம்? மூட்டை தூக்க மாட்டார். உண்மைதான். ஆனால் நம் கடையில் நஷ்டம் வருவது மூட்டை தூக்க ஆளில்லாததாலா? லாரியில் வந்த சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்க்காமல் இறக்குவதால் நஷ்டம். பழைய சரக்கு உள்ளே கிடக்கப் புதுச் சரக்கை எடுத்து விற்பதால் நஷ்டம். தேதி முடிந்த பாக்கெட்டைக் கம்பெனி ஆள் வரும்போது எடுத்து வைக்காததால் நஷ்டம். பாக்கி கேட்க ஆளனுப்பினால் அவன் தெருமுனையில் நின்று போன் பார்த்துவிட்டு "வீட்டுல ஆளில்ல" என்று திரும்பி வருவதால் நஷ்டம். இவற்றில் ஒன்றுக்கும் தோள் பலம் வேண்டாம். பொறுமையும் பொறுப்பும் போதும். ஐம்பது வயதுக்காரரிடம் அவைதான் மிச்சம் இருக்கின்றன.

முந்திரி ஆலை மேஸ்திரிக்குத் தரம் பிரிக்கத் தெரியும். நல்லமிளகைக் கையில் அள்ளினால் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சீட்டுக் கம்பெனிக் கணக்கர் பற்று வரவை ராத்திரியே முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது முதல் நாம் ஆடிட்டர் வீட்டுக்கு அலைகிற அலைச்சலில் பாதியை அவர் குறைப்பார். ஜவுளிக் கடைக்காரருக்கு வாடிக்கையாளரை உட்கார வைத்துப் பேசத் தெரியும். வளைகுடாவில் இருந்தவருக்கு இந்தி தெரியும். இது சின்ன விஷயம் அல்ல. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டாவும் கடுகு எண்ணெயும் தேடி வருகிறார்கள். அவர்களோடு சைகையில் வியாபாரம் செய்கிற கடைக்கும், பேசி வியாபாரம் செய்கிற கடைக்கும் மாத முடிவில் வித்தியாசம் தெரியும்.

மூட்டை விஷயத்தில் கூட ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் 25 கிலோ வரை கட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத வரி வந்ததும், ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டையைக் கொண்டு வந்தார்கள். வரிக்குப் பயந்து வந்த மூட்டை. எப்படியோ 75 கிலோ, 100 கிலோ மூட்டைக் காலம் போய்விட்டது. இரண்டு பேராகப் பிடித்தால் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் நகர்த்தலாம். முழு இறக்கு கூலிக்குச் சுமட்டுத் தொழிலாளர் இருக்கவே இருக்கிறார்கள்.

நம்மவர்கள் சொல்லும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். முக்கியமானது, "வயசுல மூத்தவர எப்படி ஏவுறது?" என்பது. இது நியாயமான கேள்வி. பல கடைகளில் கல்லாவில் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். முப்பது வயது. வேலைக்கு வந்தவரை "மாமா" என்றோ "அண்ணாச்சி" என்றோதான் கூப்பிடுகிறான், அப்படித்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகு "மாமா, இருப்புல ரெண்டு பாக்கெட் குறையுதே" என்று கேட்க நாக்கு எழவில்லை. அவரும், "நம்ம பிள்ளைதானே" என்று தன் இஷ்டத்துக்குச் செய்கிறார். மூன்றாம் மாதம் மனக்கசப்பில் முடிகிறது. இதற்கு ஒரே வழி, சேரும் முதல் நாளே வேலை இன்னது, நேரம் இன்னது, எந்தக் கணக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது. மரியாதை வாயில் இருக்கட்டும், கணக்கு தாளில் இருக்கட்டும். தாளைக் காட்டிக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

அடுத்தது, "கம்ப்யூட்டர் தெரியாது" என்பது. வீட்டிலுள்ள பேரப் பிள்ளை படத்தைப் பத்து பேருக்கு அனுப்பத் தெரிந்தவருக்குப் பில் போடத் தெரியாதா? பணம் வந்துவிட்டது என்று சொல்கிற பெட்டி கல்லாவிலேயே உட்கார்ந்து கத்துகிறது. ஒரு மாதம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் போதும். பையனுக்கும் அதே ஒரு மாதம் ஆகத்தான் செய்கிறது. பழகிய பிறகு பையன் வேறு கடைக்குப் போய்விடுவான், இவர் போகமாட்டார்.

"உடம்புக்கு ஏதாவது வந்தால்?" என்று கேட்கிறவர்களுக்கு: பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 70 வயது வரை இருக்கலாம், வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம். ஒரு சாயாவும் வடையும் குடிக்கிற காசு. நாமே கட்டிவிடலாம். இன்னொன்று, கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. நம்மில் எத்தனை கடையில் நாற்காலி இருக்கிறது? கல்லாவில் ஒன்று இருக்கிறது, அதில் நாம் இருக்கிறோம். ஐம்பதைக் கடந்தவரை வேலைக்கு வைக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நாற்காலி.

சம்பள விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். "வேற எங்க போகப் போறாரு" என்ற தைரியத்தில் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் வயதானவருக்கென்று குறைந்த விகிதம் ஒன்று தனியாக இல்லை. முழு நேரம் நின்றால் முழுச் சம்பளம். அவரால் ஆறு மணி நேரம்தான் முடியும் என்றால் ஆறு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்ளுங்கள். காலைச் சரக்கு இறங்கும் நேரமும் மாலை வியாபார நேரமும் போதும், மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரட்டும். நம் கடைகளுக்கும் அந்த நேரம்தான் ஆள் வேண்டும். குறைந்த கூலிக்கு அகப்பட்டவர் என்ற எண்ணத்தோடு ஒருவரை வைத்தால், அவர் கல்லாவைப் பார்க்கும் பார்வையும் வேறாகத்தான் இருக்கும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாய், மல்லி பொட்டலம் கட்டவும், பருப்பு புடைக்கவும் நாம் ஏற்கெனவே ஐம்பது வயதுப் பெண்களைத்தான் அழைக்கிறோம். ஆனால் தினக்கூலிக்கு, பின்வாசலில். அவர்களில் கணக்குத் தெரிந்தவர்கள் நிறைய. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோமே, அந்த எழுத்தறிவு பின்வாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறது.

வேலை தேடி வருகிறவர்களுக்கும் இரண்டு சொல். "நான் துபாயில இருபது பேரை மேய்ச்சவன்" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். கேட்கிற முதலாளிக்கு அது, "உன் பேச்சை நான் கேட்க மாட்டேன்" என்றுதான் காதில் விழும். இதைச் செய்யத் தெரியும், இதைச் செய்ய முடியாது, இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லுங்கள்.

சொந்தக் கடையை மூடிவிட்டு வருகிறவரின் சங்கடம் இதைவிடப் பெரியது. நேற்றுவரை கல்லாவில் இருந்தவர், இன்று இன்னொருவர் கல்லாவுக்கு முன்னால் நிற்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் வந்து, "என்ன அண்ணாச்சி, இங்க நிக்கியோ?" என்று கேட்கும் அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் வீட்டுக்குள் முடங்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 24 வருடம் கடை வைத்திருந்தவர். 2020 ஊரடங்கில் வந்த நஷ்டத்தை அதன் பிறகு அவரால் தூக்கி நிறுத்த முடியவில்லை. சரக்குக் கொடுத்தவர்களுக்கெல்லாம் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் மூடினார். ஒன்றரை வருடம் வீட்டில். பிறகு தன் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியுள்ள சந்தையில் ஒரு மொத்தக் கடையில் சேர்ந்தார். தூரம் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. அங்கே அவர் வேலை, புதிதாகப் பற்றுக் கேட்டு வருகிற சில்லறைக் கடைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று சொல்வது. தட்டில் தூசி இருக்கிறதா, எந்தச் சரக்கு முன்னால் இருக்கிறது, கடைக்காரர் மனைவி கணக்கு எழுதுகிறாரா என்று பார்ப்பாராம். அந்த மொத்தக் கடையின் வராத பாக்கி அவர் போன பிறகு கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது என்று அதன் முதலாளியே என்னிடம் சொன்னார். கடை மூடிய மனிதருக்குத்தான் எந்தக் கடை மூடப் போகிறது என்று தெரிகிறது.

நம்மில் எத்தனை பேருக்கு அடுத்த தலைமுறை கடைக்கு வருகிறது? மகன் பெங்களூரில், மகள் கனடாவில். பெரிய கம்பெனிக் கடைகளும், போனில் கேட்டால் வீட்டு வாசலில் கொண்டு தருகிறவர்களும் நம் நகரங்களுக்குள் வந்துவிட்டார்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற சில்லறை வியாபாரிகளில் சிலர் இன்னும் பத்து வருடத்துக்குள் கல்லாவின் அந்தப் பக்கம் நிற்க வேண்டி வரலாம். 1989-இல் வணிகர் நல வாரியம் அமைந்ததால் இறந்தால் குடும்பத்துக்கு நிதி உண்டு. உயிரோடு இருந்து கடையை மூடுகிறவருக்கு என்ன ஏற்பாடு என்று நாம் இதுவரை பேசவே இல்லை.

ஜப்பானில் 1970-களில் டோக்கியோ நகரில் தொடங்கி, ஊருக்கு ஊர் முதியோர் வேலை மையங்கள் அமைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் பெயரைப் பதிந்துகொள்வார்கள். கடைக்காரரும் வீட்டுக்காரரும் சிறு சிறு வேலைகளுக்கு அங்கே ஆள் கேட்பார்கள். 2021 முதல் 70 வயதுவரை வேலைக்கு வழி செய்ய முயல வேண்டும் என்று முதலாளிகளுக்கு அங்கே சட்டமே சொல்கிறது. நமக்குச் சட்டம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போட்டால் போதும். ஒரு பக்கம் வேலை தேடுகிற 45 வயதுக்கு மேற்பட்டவர் பெயர், ஊர், என்ன தெரியும், எத்தனை மணி நேரம் முடியும் என்ற விவரம். மறுபக்கம் ஆள் தேவைப்படும் கடையின் விவரம். ஒவ்வொரு பெயருக்கும் அவரை அறிந்த உறுப்பினர் இருவர் கையெழுத்திட வேண்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு இரு தரப்பும் முடிவு செய்யலாம். அந்த மாதத்துக்கும் முழுச் சம்பளம் உண்டு. மூடிய கடைக்காரர் பெயர் நோட்டில் ரகசியமாக இருக்க வேண்டும், அலுவலகச் செயலாளர் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கக் கூடாது.

இதைப் பொதுக்குழுவில் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் ஆள் தேவை என்ற இடத்தில் என் கடை பெயரை எழுதிக்கொள்ளலாம். காலை 7 முதல் 11 வரை, மாலை 4 முதல் 8 வரை, சரக்கு ஒத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை.